‘ஆஃப்’க்கு எத்தனை வேலைதான் குடுப்பீங்க? – வாசகர் கேள்வி பதில்

போன வாரம் இங்கிலீஷ் சந்தேகம் ஒண்ணு ரெண்டு அனுப்புங்கன்னு கேட்டது தப்பாப் போச்சு, பாதி லெட்டர் இந்த ஆஃப் (of)ங்கிற குட்டி வார்த்தையப் பத்திதான். சரின்னு இந்த வாரம் அதையே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: பொண்ணு எட்டாவது படிக்கிறா சார். ‘தி சிட்டி ஆஃப் மதுரை’ன்னு வந்ததுக்கு ‘மதுரையின் நகரம்’னு எழுதிட்டு வந்திருக்கா. ஆஃப்னா ‘உடைய’ன்னுதான் டியூஷன்ல சொன்னாங்களாம். தப்புன்னு தெரியுது, ஏன் தப்புன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. (திருச்சியிலேர்ந்து ஒரு வாசகி)

பதில்: பொண்ண திட்டாதீங்கம்மா, ‘உடைய’ங்கிறது பாதி உண்மை. ‘தி மேயர் ஆஃப் மதுரை’ன்னா மதுரையோட மேயர், அங்க உடைய சரியா உக்காந்துக்கும், ஏன்னா மதுரை வேற மேயர் வேற. ஆனா மதுரையும் நகரமும் ரெண்டு பொருளா? ஒண்ணேதானே. ஒரே பொருளுக்கு ஒரு பொதுப் பேரு, ஒரு சொந்தப் பேரு, நடுவுல ஆஃப் வெறும் பசை மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது, அவ்வளவுதான்.

வீட்டுலயே ஒரு டெஸ்ட் வெச்சுப் பாருங்க. நடுவுல ‘ங்கிற’ போடுங்க. மதுரைங்கிற நகரம், பொருந்துது. மதுரைங்கிற மேயர், சிரிப்பு வருது. பொருந்தினா அங்க ‘உடைய’வுக்கு வேலை இல்ல. ‘தி மன்த் ஆஃப் மே’ன்னா மே மாசம். ‘தி ஐல் ஆஃப் மேன்’னு பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவுல ஒரு தீவு இருக்கு, அது மனுஷனோட தீவு இல்ல, மேன்ங்கிற தீவு.

இதுக்கு நம்ம தமிழ் வாத்தியார் ஏற்கெனவே பேரு வெச்சுக் குடுத்திருக்காரு, நாமதான் பரீட்சை முடிஞ்சதும் மறந்துட்டோம். இருபெயரொட்டுப் பண்புத்தொகை! சாரைப்பாம்பு, மல்லிகைப்பூ, பனைமரம். சிறப்புப் பேரு முன்னாடி, பொதுப் பேரு பின்னாடி, நடுவுல ‘ஆகிய’ மறைஞ்சிருக்கும். இங்கிலீஷ்காரன் அப்படியே தலைகீழா, பொதுப் பேர முன்னாடி போட்டு நடுவுல ஆஃப்ப வெளிப்படையா வெச்சிருக்கான். உங்க பொண்ணுகிட்ட ‘சாரையின் பாம்பு’ன்னு சொல்லுவியாடீன்னு ஒரு தடவ கேளுங்க, அதுக்கப்புறம் மறக்கவே மாட்டா.

இன்னொரு சுவாரஸ்யம், பழைய இங்கிலீஷும் நம்ம மாதிரியேதான் இருந்துச்சு. லண்டன ‘லுண்டன்பர்க்’ங்கிற மாதிரி எழுதியிருக்காங்க, லண்டன் முன்னாடி, கோட்டை ஊருங்கிற பொதுச் சொல் பின்னாடி, நடுவுல ஒட்டு கிடையாது. 1066ல பிரான்ஸ் பக்கத்துலேர்ந்து நார்மன்காரங்க வந்து ஆட்சியப் புடிச்சதுக்கப்புறம் ஃபிரெஞ்சு பாணி உள்ள நுழைஞ்சுது, அவங்க பாரிஸ் நகரத்த ‘வீல் த பாரி’ன்னுதான் சொல்லுவாங்க, அந்த ‘த’ செஞ்ச வேலையத்தான் ஆஃப் இப்ப செய்யுது.

கேள்வி: பே ஆஃப் பெங்கால், கல்ஃப் ஆஃப் மன்னார்னு சொல்றோம். ஆனா பாக் ஸ்ட்ரெய்ட், ஹட்சன் பேன்னு வரும்போது மட்டும் ஆஃப் எங்க போச்சு? (ராமநாதபுரம் வாசகர்)

பதில்: கடலோரத்துல இருந்துக்கிட்டு கேக்குறீங்க, விடாம சொல்லணும். முன்னாடி சொன்ன ‘ங்கிற’ டெஸ்ட் இங்க வேலைக்கு ஆகாது, பெங்கால்ங்கிற விரிகுடான்னு ஒண்ணு கிடையாது. பெங்கால் ஒரு நிலம், அத ஒட்டிக் கிடக்குற கடலுக்கு அந்தப் பேரு. மன்னாரும் அப்படித்தான், இலங்கைக் கரையில இருக்குற ஊரு. ஆக ஊர் பேரு, நாட்டு பேருன்னா பெரும்பாலும் ஆஃப் வரும்: கல்ஃப் ஆஃப் மெக்சிகோ, ஸ்ட்ரெய்ட் ஆஃப் ஜிப்ரால்டர்.

ஆள் பேருன்னா ஆஃப் பெரும்பாலும் கழண்டுக்கும், ஆளு முன்னாடி வந்து நின்னுடுவாரு. ஹட்சன், பேரிங் ஸ்ட்ரெய்ட்ல வர்ற பேரிங் எல்லாம் கப்பல்ல தேடிக்கிட்டுப் போன ஆளுங்க. நம்ம பாக் நீரிணையில இருக்குற பாக்கும் ஆள்தான், ராபர்ட் பாக், 1763லேர்ந்து 1767 வரைக்கும் மெட்ராஸ் கவர்னரா இருந்தவரு. தெனம் கேக்குற பேரு, அதுக்குள்ள ஒரு கவர்னர் ஒளிஞ்சிருக்காருன்னு எத்தன பேருக்குத் தெரியும்.

விதின்னு சொன்ன உடனே விதிவிலக்கு வந்து கதவத் தட்டும், ஸ்ட்ரெய்ட் ஆஃப் மெகல்லன்ல ஆளு பேரு இருந்தும் ஆஃப் இருக்கு. ஏரி, மலை எல்லாம் தனி ரகம், லேக் விக்டோரியா, மவுன்ட் எவரெஸ்ட், பொதுப் பேரு முன்னாடி வந்தும் நடுவுல ஒண்ணுமே கிடையாது. ஆறுன்னா நாட்டுக்கு நாடு மாறும், லண்டன்ல ரிவர் தேம்ஸ், அமெரிக்காவுல மிஸிஸிப்பி ரிவர்.

தமிழ்ல எல்லாத்துக்கும் ஒரே வழிதான், வங்காள விரிகுடா, மன்னார் வளைகுடா, விக்டோரியா ஏரி. இத விட்டுட்டு ‘வங்காளத்தின் விரிகுடா’ன்னு எழுதுறவங்களப் பாத்தா எனக்கு பல்லக் கடிக்கத் தோணும்.

கேள்வி: பயோடேட்டாவுல மெட்ராஸ் யுனிவர்சிட்டியா, யுனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸா? ரெண்டும் ஒண்ணுதானே?

பதில்: 1857ல ஆரம்பிச்ச நம்ம பல்கலைக்கழகத்தப் பொறுத்தவரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான், ஆனா சர்டிஃபிகேட்ல இருக்குறது யுனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ், அதையே போடுங்க. இன்னொண்ணு, ஆஃப் போட்டு எழுதினா முன்னாடி ‘தி’ சேரும், மெட்ராஸ் யுனிவர்சிட்டின்னு எழுதினா சேராது. தி பே ஆஃப் பெங்கால், ஆனா சும்மா ஹட்சன் பே, அதே கணக்குதான். அண்ணா யுனிவர்சிட்டிய யாரும் யுனிவர்சிட்டி ஆஃப் அண்ணான்னு சொல்றதில்ல பாருங்க, ஆள் பேரு முன்னாடிதான் வருது, பாக் சார் கதைதான் அங்கயும்.

ஆனா எல்லா ஊர்லயும் ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுடாதீங்க, முக்கியமா பசங்கள அமெரிக்கா அனுப்புறவங்க. யுனிவர்சிட்டி ஆஃப் மயாமி ஃப்ளோரிடாவுல இருக்கு, 1925ல ஆரம்பிச்சது. மயாமி யுனிவர்சிட்டி இருக்குறது ஒஹையோவுல ஆக்ஸ்ஃபோர்டுங்கிற ஊர்ல, பீச்சும் கிடையாது ஒண்ணும் கிடையாது. அது 1809லயே வந்தாச்சு, அப்ப ஃப்ளோரிடா ஸ்பெயின் கையில இருந்துச்சு, அமெரிக்க மாநிலமா ஆனதே 1845லதான். ஒஹையோ யுனிவர்சிட்டியில வர்ற மயாமி, பழங்குடி மக்களோட பேரு.

வாஷிங்டன் கதை இன்னும் மோசம். யுனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன் சியாட்டில்ல. வாஷிங்டன் யுனிவர்சிட்டி மிசூரி மாநிலத்துல செயின்ட் லூயிஸ்ல. தலைநகர் வாஷிங்டன்ல இருக்குறது ஜார்ஜ் வாஷிங்டன் யுனிவர்சிட்டி. குழப்பம் தாங்காம செயின்ட் லூயிஸ்காரங்க 1976ல பேருக்குப் பின்னாடி ‘இன் செயின்ட் லூயிஸ்’னே சேத்துட்டாங்க. பேருல வேற ஊர் இருந்தா நாம எங்க இருக்கோம்னு சொல்ல ‘இன்’ வேண்டியதா போச்சு பாருங்க.

கேள்வி: சிட்டி ஆஃப் லண்டனும் லண்டனும் ஒண்ணுதானே சார்? உங்க ‘ங்கிற’ டெஸ்ட் பாஸ் ஆகுதே!

பதில்: மாட்டிவிடணும்னே கேட்டிருக்கீங்க போல. முன்ன ஒரு காலத்துல ஒண்ணா இருந்துச்சு, இப்ப இல்ல. மதில் சுவருக்குள்ள இருந்த அந்தப் பழைய ஊருதான் சிட்டி ஆஃப் லண்டன், மூணு சதுர கிலோமீட்டர் கூட வராது, பேங்க் ஆஃப் இங்கிலாந்து இருக்குறது அங்கதான். ஊரு அதச் சுத்தி வளந்து வளந்து பெரிய லண்டன் ஆயிடுச்சு, பேரு மட்டும் அந்தத் துண்டுக்குச் சட்டப்படி தனியா நின்னுபோச்சு. அதனால சிட்டிக்கு ஒரு லார்ட் மேயர், மொத்த லண்டனுக்கு ஒரு மேயர், ரெண்டு பேரும் வேற வேற ஆளு. ஒரு ‘லார்ட்’ விட்டுப்போனா மொழிபெயர்ப்புல ஆளே மாறிடுவாரு.

கேள்வி: ‘எ ஃபோட்டோ ஆஃப் ரவி’, ‘எ ஃபோட்டோ ஆஃப் ரவிஸ்’, இதுல எது கரெக்ட்?

பதில்: ரெண்டுமே. மொதல்ல சொன்னது ரவி அதுல தெரியுற படம். பின்னாடி எஸ் ஒட்டினது ரவிகிட்ட இருக்குற படம், இல்ல ரவி எடுத்தது, அதுல அவங்க பாட்டி கூட இருக்கலாம். தமிழ்ல ‘ரவியோட படம்’னு ரெண்டுக்கும் சேத்து ஒப்பேத்திடுறோம், கேக்குறவங்க இடம் பாத்துப் புரிஞ்சுக்குவாங்க. சிலைன்னா இன்னும் கொஞ்சம் வம்பு. ஸ்டேச்சூ ஆஃப் யூனிட்டின்னு 2018ல குஜராத்ல 182 மீட்டருக்கு வெச்சாங்களே, அதுல நிக்கிறது பட்டேல். அப்ப ‘எ ஸ்டேச்சூ ஆஃப் பட்டேல்’னா சிலை யாருதுன்னு வர்ணனை, ‘தி ஸ்டேச்சூ ஆஃப் யூனிட்டி’ன்னா சிலையோட பேரு.

கேள்வி: பேட்டில் ஆஃப் ஹேஸ்டிங்ஸ்னா ஹேஸ்டிங்ஸ் ஊர்ல நடந்த சண்டைதானே? பையன் கூட பந்தயம் கட்டியிருக்கேன்.

பதில்: தோத்துட்டீங்க. முன்னாடி சொன்ன நார்மன்காரங்க 1066ல இங்கிலாந்துக்கு வந்தப்ப போட்ட சண்டை இது, நடந்தது ஹேஸ்டிங்ஸ்லேர்ந்து சுமாரா 10 கிலோமீட்டர் தள்ளி. பக்கத்துல தெரிஞ்ச ஊரு அதுங்கிறதால அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. சண்டை நடந்த எடத்துல அப்புறம் ஒரு மடம் கட்டி அதச் சுத்தி ஒரு ஊரே வந்துச்சு, அந்த ஊருக்கு இன்னைக்கும் பேரு பேட்டில்தான். ஆக, ‘தி டவுன் ஆஃப் பேட்டில்’. உடையவா, ங்கிறவா? பையன்கிட்ட கேட்டு அடுத்த வாரம் எழுதுங்க.