ஊசியா, லூப்பா? மாமி சொல்வதில் பாதி உண்மை

கேள்வி: எனக்கு 28 வயது. புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கிறோம். மூத்தவளுக்கு 3 வயது, சின்னவனுக்கு 5 மாதம். தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன், மாதவிடாய் இன்னும் வரவில்லை. கணவர் கட்டாரில், அடுத்த மாதம் லீவில் வருகிறார். அடுத்த பிள்ளைக்கு மூன்று நாலு வருடம் போகட்டும் என்று நினைக்கிறேன். கர்ப்பத்தடை ஊசி போட்டால் இரத்தம் உள்ளே தேங்கும், பிறகு பிள்ளையே தங்காது, கருப்பைக்குள் வைக்கும் லூப் நெஞ்சுக்கு ஏறிவிடும் என்கிறார் மாமி. "எங்கட சனம் எவ்வளவு போச்சு, நீ இப்ப தடுக்கப் போறியோ" என்றும் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, முதலில் நாளைக் கணக்குப் பார்ப்போம். தாய்ப்பால் கர்ப்பத்தைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் பிள்ளைக்கு 6 மாதம் ஆகாமல் இருக்க வேண்டும், பாலைத் தவிர வேறொன்றும் கொடுக்கக் கூடாது, மாதவிடாயும் திரும்பியிருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் அதை நம்ப முடியாது. கணவர் வந்து இறங்கும்போது சின்னவனுக்கு 6 மாதம்! மாதவிடாய் வராமலே கரு தங்கலாம். ஆகவே அவர் வருவதற்கு முன்பே முடிவெடுங்கள்.

சரி, ஊசிக்கு வருவோம். 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் டெப்போவில் பலருக்கு மாதவிடாய் நின்றுவிடும். மாமி பார்த்தது அதைத்தான். ஆனால் இரத்தம் எங்கும் தேங்குவதில்லை. கருப்பையின் உள்சவ்வு மாதாமாதம் தடித்து உதிர்வதுதான் மாதவிடாய். ஊசி அந்தச் சவ்வைத் தடிக்க விடாது, அதனால் உதிர ஒன்றும் இருக்காது. பிள்ளை தங்காது என்பதிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஊசியை நிறுத்தியதும் உடனே கரு தங்காது, கடைசி ஊசியிலிருந்து சராசரியாக 10 மாதமளவு ஆகலாம். அந்த இடைவெளியில் பயந்துபோன யாரோ ஒருத்தியின் கதை ஊர் முழுக்கப் பரவியிருக்கும். தாமதம் வேறு, மலடு வேறு.

லூப் நெஞ்சுக்கு ஏறாது, கருப்பைக்கும் நெஞ்சுக்கும் வழியே இல்லை. மிக அரிதாக, 1000 பேரில் ஒருவருக்கு என்ற அளவில், வைக்கும்போது கருப்பைச் சுவரைத் துளைப்பதுண்டு. அதனால்தான் பழகிய கை வைக்க வேண்டும், பிறகு ஒருமுறை காட்டவும் வேண்டும். முதல் சில மாதம் இரத்தப்போக்கும் வலியும் கூடும். உங்களுக்கு இரத்தசோகை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மற்றபடி செப்பு லூப்பில் ஹோர்மோன் இல்லை, பாலும் குறையாது. 10 வருடம் வரை வேலை செய்யும், வேண்டாம் என்றால் எடுத்த மாதமே கரு தங்கலாம். கணவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் வீட்டுக்கு, குளிசையை நாள் தவறாமல் விழுங்குவதை விட இது லேசு. எனக்கு லூப் பக்கம்தான் சாய்வு. ஆனால் தெரிவு உங்களுடையது.

அதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2013 ஓகஸ்டில் கிளிநொச்சியின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில், சரியான விளக்கமும் சம்மதமும் இல்லாமல் பெண்களுக்குக் கையில் தோலுக்கடியில் கர்ப்பத்தடைக் கம்பி வைத்தார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. அதன்பிறகு வன்னியில் கிளினிக் என்றாலே சிலர் தயங்குவதை நான் குறை சொல்லமாட்டேன். கம்பி நல்ல முறைதான், 5 வருடம் நிற்கும். ஆனால் என்ன வைக்கிறார்கள், எப்போது எடுக்கலாம் என்று தெரியாமல் யாரும் கையை நீட்ட வேண்டியதில்லை. கேளுங்கள், விளங்காவிட்டால் திரும்பக் கேளுங்கள்.

மாமியின் கடைசிக் கேள்விக்கு என்னிடம் மருந்து இல்லை. போர் முடிந்த 2009இல் அவர் யாரை இழந்தாரோ. அவரோடு வாதாட வேண்டாம். "நிற்பாட்டவில்லை மாமி, இடைவெளி விடுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அது பொய்யுமில்லை. ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு வருடமாவது விட்டால் உங்கள் உடலும் தேறும், பிறக்கும் பிள்ளையும் நிறையோடு பிறக்கும்.

உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் இந்த வாரமே பேசுங்கள். சேவை இலவசம். நீங்கள் இப்போது இருக்கும் நிலையில், மாதவிடாய் வரும்வரை காத்திராமலே லூப் வைக்கலாம். வைத்த பிறகு காய்ச்சல், கடும் அடிவயிற்று வலி, நாற்றமுள்ள வெள்ளைபடுதல் என்று ஏதும் வந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை பொறுக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முடிந்தால் மாமியையும் கிளினிக்குக் கூட்டிப்போங்கள், சின்னவனைத் தூக்கி வைத்திருக்கவும் ஒரு ஆள் வேண்டும்தானே.