ஸ்கேன் படங்களைப் பொதுத் தொகுப்பில் சேர்ப்பதால் நோயாளிக்கு என்ன பயன்?

படம் கொடுத்தவருக்கு உடனே பயன் கிடைக்காது. அடுத்து வரும் நோயாளிக்குக் கிடைக்கும். ஆராய்ச்சிக்காக எல்லாருக்கும் திறந்திருக்கும், அமெரிக்காவின் எல்ஐடிசி-ஐடிஆர்ஐ (LIDC-IDRI) என்ற ஸ்கேன் படத் தொகுப்பையே பாருங்கள். அதில் 1,018 நெஞ்சு சிடி ஸ்கேன்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் நான்கு ரேடியாலஜிஸ்டுகள் (ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயறியும் மருத்துவர்கள்) தனித்தனியாகப் பார்த்து, நுரையீரலில் தெரிந்த சிறு கட்டிகளைக் குறித்தார்கள். அப்புறம் மற்ற மூவரின் குறிகளை, போட்டது யார் என்று தெரியாமல் பார்த்துவிட்டு, தங்கள் குறிகளை மறுபடி சரிபார்த்தார்கள். ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

3 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்று ஒருவராவது குறித்த கட்டிகள் 2,669. நால்வரும் அப்படிக் குறித்தவை 928தான்! அனுபவசாலிகளுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு. அதை மறைக்காமல் நால்வரின் குறிகளையும் அப்படியே வெளியிட்டதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். கட்டியைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களை எல்லாரும் இதே படங்களில் சோதித்து ஒப்பிட முடிகிறது.

சரி, அந்தரங்கம்? ஸ்கேன் கோப்புக்குள்ளேயே பெயர், பிறந்த தேதி எல்லாம் பதிந்திருக்கும்; அவற்றை நீக்கிய பிறகே பகிர வேண்டும். தலை ஸ்கேன் என்றால் இன்னும் கவனம் தேவை. அதிலிருந்து முகத்தையே மீட்டெடுக்க முடியும் என்பதால், முகப் பகுதியையும் அழித்துவிட வேண்டும்.