வாசகர் கேள்வி: உப்புக்காற்றும் மின்கம்பியும்

கேள்வி: ஸ்மார்ட் மீட்டர், வீட்டுக்கூரை சோலார், புதுக் கம்பி எனப் பல மின்திட்டங்கள் வருகின்றன. எங்கள் கடலோர ஊரான மண்டபம் பக்கம் எதை முதலில் செய்ய வேண்டும்?
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: கம்பியும், கம்பத்துக்கு மின்சாரம் பாயாமல் கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டரும்தான் முதலில். கடற்காற்றில் வரும் உப்பு பீங்கான் இன்சுலேட்டரில் படிகிறது. மழையில்லாத மாதங்களில் அது கழுவப்படாமல் சேர்ந்து, விடியற்காலைப் பனியில் நனைந்ததும் மின்சாரம் அதன் மேல் கசிகிறது. 'சர்ர்' என்ற சத்தம், நீலப்பொறி, பிறகு துணைமின் நிலையத்திலிருந்து ஊருக்கு மின்சாரம் கொண்டுவரும் லைனான ஃபீடரே ட்ரிப் ஆகி நின்றுவிடும். ஐஸ் பிளான்ட்டில் கம்ப்ரஸர் நின்றால் மீனவர் பிடித்த மீனுக்கு ஐஸ் கிடைக்காது.

கடலோர ஃபீடர்களில் சிலிகான் ரப்பர் இன்சுலேட்டர் போடலாம். அதில் தண்ணீர் படலமாகப் பரவாது. எஃகு நடுக்கம்பியைச் சுற்றி அலுமினியம் முறுக்கிய ஏ.சி.எஸ்.ஆர். கம்பி இங்கே உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகும். முழு அலுமினிய உலோகக் கலவைக் கம்பிதான் தாங்கும். இரு கம்பிகளை இணைக்கும் சிறு துண்டான ஜம்பரில் செம்பையும் அலுமினியத்தையும் நேராகச் சேர்த்து முறுக்கவே கூடாது, இரு உலோகங்களை இணைக்கவென்றே செய்த பைமெட்டாலிக் கிளாம்ப் அவசியம்.

அடுத்தது ஃபீடருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் மீட்டர். வழியில் மின்சார இழப்பு எங்கே என்று தெரியாமல் வீட்டு மீட்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. 2021-இல் மத்திய அரசு தொடங்கிய சீரமைக்கப்பட்ட மின் விநியோகத் திட்டத்தில் (ஆர்.டி.எஸ்.எஸ்.) இழப்புக் குறைப்பு, மீட்டர் இரண்டுக்குமே இடமுண்டு.

கூரை சோலாருக்கு 2024 முதல் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம் உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் பேட்டரி இல்லாத சோலார் இன்வெர்ட்டர், லைனில் மின்சாரம் போனதும் பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும். உச்சி வெயிலில் ஃபீடர் படுத்தால் கூரையிலும் உற்பத்தி பூஜ்யம்.