வண்ண ஸ்கேன் படத்தை நம்பிப் பணம் கட்டலாமா?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. புத்தகத்தை முகத்தருகே வைத்துக்கொண்டு படிக்கிறான், வரி தவறிவிடுகிறது. மூளையை ஸ்கேன் செய்து பார்வைப் பகுதி எங்கே மந்தம் என்று காட்டுவதாக ஒரு பயிற்சி மையத்தில் சொல்கிறார்கள். குரங்குகளிடம் நிரூபித்த முறையாம். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

குரங்கு ஆராய்ச்சி பொய்யில்லை. அதைத் திரித்துச் சொல்வதுதான் பொய். மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் நரம்பணுக்களை நேராகப் பார்ப்பதில்லை. அவை வேலை செய்யும் இடத்துக்குக் கூடுதலாகப் பாயும் ரத்தத்தைப் பார்க்கிறது, அதுவும் சில நொடி தாமதமாக. முகங்களைக் கண்டால் சுறுசுறுப்பாகும் பகுதி குரங்குகளிடமும் இந்த ஸ்கேனில் தெரிந்தது. அதைச் செய்த நரம்பியல் ஆய்வாளர் டோரிஸ் சாவோ குழுவினர் அதோடு நிற்கவில்லை. அதே இடத்தில் மெல்லிய மின்முனையை இறக்கி, ஒவ்வொரு நரம்பணுவாக அளந்தார்கள். படங்களைக் காட்டியபோது பதில் கொடுத்த நரம்பணுக்களில் 97 சதவீதம் முகத்துக்கென்றே இருந்தவை என்று 2006-இல் எழுதினார்கள். உங்கள் பையனுக்கு அப்படிச் சரிபார்க்க யாராலும் முடியாது. கையில் தருவது கணக்குப் போட்டுப் பூசிய சிவப்பும் மஞ்சளும்தான். அந்தக் கணக்கில் கவனம் தவறினால் செத்த சால்மன் மீனின் மூளைகூட 'வேலை செய்யும்'. 2009-இல் ஆய்வாளர்களே அதைச் செய்து காட்டினார்கள்.

ஒரு விலக்கு உண்டு. வலிப்புக்கோ கட்டிக்கோ மூளையில் அறுவை செய்யும் முன், பேச்சு, கை அசைவு, பார்வைக்கான இடங்களைத் தவிர்த்து வெட்ட இந்த ஸ்கேன் எடுப்பார்கள். அதை எழுதித் தருபவர் அறுவை மருத்துவர். பள்ளி வாசலில் துண்டுச்சீட்டு கொடுப்பவர் அல்ல, 'பேக்கேஜ்' பேசும் ஏஜென்ட் அல்ல. அறுவை என்ற பேச்சே இல்லாத பிள்ளைக்கு இந்த விலக்கு பொருந்தாது.

சரி, என்ன செய்வது? கண் மருத்துவரிடம் போங்கள். சொட்டு மருந்து விட்டு, ஒவ்வொரு கண்ணாகத் தனித்தனியே பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்க, பலகையைப் படிக்கச் சொல்லி 'நார்மல்' என்று எழுதித் தள்ளும் பள்ளி முகாம்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. சிறு வயதில் ஒரு கண் மங்கலாகவே இருந்தால் மூளை அதைக் கைவிட்டுவிடும். ஹ்யூபெல், வீசல் என்ற ஆய்வாளர்கள் குட்டிக் குரங்குகளின் ஒரு கண்ணை மூடிவைத்து நிரூபித்தது இதைத்தான். சோம்பேறிக் கண் என்பது இதுவே. கண்ணாடி, நல்ல கண்ணை மூடிவைக்கும் ஒட்டு என்று எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. 7 வயதில் ஒரு மாதத்தைக்கூட மையங்களில் வீணாக்காதீர்கள்.

இன்று இரவே டிவி பார்க்கும்போது அவனுடைய ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்துங்கள், அப்புறம் மற்றதை. ஒரு பக்கம் பொத்தும்போது மட்டும் சிணுங்கி உங்கள் கையைத் தள்ளினால், நாளைக் காலையே கிளம்புங்கள். தள்ளாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் போய்விடுங்கள்.