சொட்டும் வால்வை அடைக்காதீர்கள்: கீசர், சோலார் கேள்வி பதில்

மின்சார கீசரும் சோலார் ஹீட்டரும் பழுது பார்ப்பது என் தொழில். அவற்றைப் பற்றிக் கேளுங்கள். மூடியைத் திறக்கச் சொல்லும் எந்தப் பதிலுக்கும் ஒரே நிபந்தனை: சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, மின்பெட்டியில் அந்த லைனைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சையும் இறக்கிவிட வேண்டும்.

தாம்பரம்: 25 லிட்டர் கீசர் சூடாகும்போது அடியில் உள்ள வால்விலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பிளம்பர் மூடி போட்டு அடைத்துவிடலாம் என்கிறார். செய்யலாமா ஐயா?

கூடவே கூடாது. 25 டிகிரியில் இருக்கும் 25 லிட்டர் தண்ணீர் 65 டிகிரிக்குச் சூடானால் ஏறத்தாழ 400 மில்லி விரிகிறது. அந்த 400 மில்லி எங்கேயாவது போயாக வேண்டும். உள்ளே வரும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தால் மேல்நிலைத் தொட்டிக்குத் திரும்ப வழியில்லை. அப்போது பாதுகாப்பு வால்வு திறந்து சொட்டுகிறது. அதன் வேலையே அதுதான். அதை அடைத்துவிட்டு, பிறகு ஒருநாள் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும், சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்அவுட்டும் பழுதானால், தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிச் சூடேறி டேங்க் வெடிக்கும். சுவரையே பெயர்த்துவிடும் வேகம் அதற்கு உண்டு.

சூடாகும்போது மட்டும் சொட்டினால் வால்வு நன்றாக இருக்கிறது என்று பொருள். ஒரு சிறு குழாயை மாட்டி வடிகாலுக்கு விட்டுவிடுங்கள். கீசர் அணைந்து ஆறிய பிறகும் சொட்டினால்தான் பழுது: வால்வு உள்ளே மூடி உட்காரும் இடத்தில் உப்பு படிந்திருக்கும், அல்லது பிரஷர் பம்பின் அழுத்தம் வால்வின் அளவைத் தாண்டியிருக்கும். வால்வை மாற்றுங்கள், பம்பின் அழுத்தத்தைக் குறையுங்கள்.

கோவை: கீசர் போட்டால் ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. கீசர் லைனை மட்டும் அதிலிருந்து பிரித்துவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன்.

அந்த யோசனை உயிரைப் பறிக்கும், அம்மா. 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் கசிந்தால் விழுவதற்காகத்தான் அதை வைத்திருக்கிறோம். கீசரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் கோளாறு வயரிங்கில். பிளக்கைச் செருகினால் மட்டும் விழுந்தால் பெரும்பாலும் தண்ணீரைச் சூடாக்கும் காயிலில்தான். போர் தண்ணீரின் உப்பு காயில்மேல் ஓடாகப் படிகிறது, சூடு வெளியேற முடியாமல் உறை வெடிக்கிறது, மின்சாரம் நேராகத் தண்ணீரில் இறங்குகிறது. சிறுவாணித் தண்ணீர் மட்டும் வரும் வீடுகளில் இந்தக் கோளாறை அரிதாகவே பார்க்கிறேன். காயிலை மாற்றும்வரை அந்தக் கீசரைத் தொடாதீர்கள். அந்தச் சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது துளை இருப்பதால் மட்டும் எர்த் இருப்பதாக ஆகிவிடாது.

ஊட்டி: கேஸ் கீசர் குளியலறைக்குள் இருக்கிறது. குளித்து முடிப்பதற்குள் தலை சுற்றுகிறது.

இந்த நிமிடமே நிறுத்துங்கள். அது கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலி, தலைசுற்றல், மயக்கம், அதன் பிறகு மரணம். கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கும் அறையில் கேஸ் கீசர் இருக்கவே கூடாது. வெளிச்சுவரில் மாட்டி, குழாய் வழியாக வெந்நீரை உள்ளே கொண்டுவாருங்கள். தலைசுற்றல் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் போய், கேஸ் கீசர் இருப்பதையும் சொல்லுங்கள்.

மதுரை: வெந்நீரில் அழுகிய முட்டை நாற்றம்.

டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே வைத்திருக்கும் மெக்னீசியம் கம்பியும் தண்ணீரில் உள்ள ஒருவகை பாக்டீரியாவும் சேர்ந்து செய்வது. டேங்கைக் காலி செய்து கழுவி, கம்பியைப் பாருங்கள், தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

சேலம்: கீசரை நாள் முழுக்க ஆனில் வைத்தால்தான் மின்சாரம் மிச்சம் என்கிறேன். வீட்டில் ஒத்துக்கொள்ள மறுக்கிறார்கள்.

வீட்டில் சொல்வதே சரி. 25 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற ஏறத்தாழ ஒரு யூனிட் ஆகும். அணைத்துவிட்டால், தண்ணீர் முழுவதும் ஆறினாலும் நட்டம் அந்த ஒரு யூனிட்டோடு முடிந்தது. ஆனில் இருந்தால் இழப்புக்கு எல்லையே இல்லை. டேங்க் எவ்வளவு சூடோ அவ்வளவு வேகமாகச் சூட்டை இழக்கும். ஆற ஆற இழப்பும் குறையும்.

திருச்சி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இரண்டு முறைகளையும் செய்து பார்த்தேன், பில்லில் வித்தியாசம் இல்லை.

உங்களுடையது ஐந்து ஸ்டார் கீசராக இருக்கும். சும்மா இருக்கும்போது எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதை வைத்துத்தான் அந்த ஸ்டாரே தருகிறார்கள். காப்புப் பஞ்சு நைந்துபோன பழைய டேங்கில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடுகிறது. அந்த எல்லைக்கு அருகில் இருப்பவர்களுக்குச் சிறு மிச்சமும் பெரிது.

சேலம்: அடிக்கடி ஆன், ஆஃப் செய்தால் காயில் போய்விடாதா?

நீங்கள் தொடாவிட்டாலும் தெர்மோஸ்டாட் அதைத்தானே நாள் முழுக்கச் செய்கிறது? காயிலைக் கொல்வது உப்பு. ஆனால் மறுபக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று வெதுவெதுப்பாக நாள்கணக்கில் வைக்காதீர்கள். 40 டிகிரி அளவில் தேங்கும் தண்ணீரில் லீஜியோனெல்லா என்ற கிருமி பெருகும். அதன் துளிகளை மூச்சில் இழுத்தால் நிமோனியா வரும். 60 வரை சூடாக்குங்கள், அணையுங்கள், பச்சைத் தண்ணீர் கலந்து குளியுங்கள். இந்த விவாதம் இதோடு போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஆவடி: கீசர் அடியில் சொட்டுகிறது. எம்-சீல் வைக்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். வைக்கக் கூடாது.

லண்டன்: வீட்டையும் குழாய்த் தண்ணீரையும் சேர்த்துச் சூடாக்கும் காம்பி பாய்லரில் அழுத்தம் அடிக்கடி இறங்குகிறது, ரேடியேட்டர் சூடாவதில்லை.

ஆறிய நிலையில் முள் 1 முதல் 1.5 பார் வரை நிற்க வேண்டும். இறங்கினால் ஃபில்லிங் லூப்பை (பாய்லருக்குத் தண்ணீர் நிரப்பும் குழாய்) திறந்து நீங்களே ஏற்றலாம். ஏற்றிய பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிவு. பாய்லரின் உறையைத் திறக்கும் வேலையை பிரிட்டனின் கேஸ் வேலைக்கான கேஸ் சேஃப் பதிவு பெற்றவரிடம் மட்டும் கொடுங்கள்.

ஓசூர்: மாடியில் சோலார் கொதிக்கிறது. சமையலறை வெந்நீர்க் குழாயில் பச்சைத் தண்ணீர் வருகிறது. டேங்கின் காற்றுக் குழாயிலும் வழிகிறது.

அருமையான கேள்வி. சோலாரில் பழுதே இல்லை. உங்கள் பச்சைத் தண்ணீர் லைனில் பிரஷர் பம்ப் இருக்கிறது, சரிதானா? சோலார் தண்ணீர் தொட்டியின் உயரத்தால் மட்டும் இறங்குகிறது. வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலக்கும் ஏதோ ஒரு மிக்சர் குழாயில் இரண்டு பக்கமும் திறந்தபடி, கைஷவரின் முனை மட்டும் மூடியிருக்கும். பம்பின் அழுத்தத்தில் பச்சைத் தண்ணீர் மிக்சர் வழியே வெந்நீர்க் குழாய்க்குள் புகுந்து, மாடிவரை ஏறிக் காற்றுக் குழாயில் வழிகிறது. சோலாரிலிருந்து இறங்கும் வால்வை மூடிவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்துவிடுங்கள். தண்ணீர் நிற்காமல் வந்தால் நான் சொன்னதுதான். ஒவ்வொரு குளியலறையாக மிக்சர்களை மூடிப் பாருங்கள். காற்றுக் குழாய் வழிகிறதே என்று அதையும் அடைத்துவிடாதீர்கள், டேங்க் நசுங்கிப்போகும்.

வேலூர்: உப்பைக் கரைக்கக் கழிவறை ஆசிட்டை டேங்கில் ஊற்றலாமா?

வேண்டாம். டேங்கின் உள்பூச்சு பாழாகும், டேங்க் துருப்பிடிக்கும். காயிலைக் கழற்றி, வெளியே ஒரு பிளாஸ்டிக் வாளியில் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் கழுவுங்கள். திரும்ப மாட்டும்போது கேஸ்கட் புதிதாக இருக்கட்டும். டேங்க் நிறைந்து குழாயில் தண்ணீர் வந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

பல்லாவரம்: கீசர் வால்வு சொட்டுகிறது...

முதல் பதில், ஐயா.