தொற்றும் இதயத் துடிப்பும் – கடிதம்

வணக்கம் சார்,

அப்பாவுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் முற்றி ஐசியுவில் சேர்த்திருந்தோம். நாடித்துடிப்பு 140, பிரஷர் 80க்குக் கீழே. நடுவில் துடிப்பு தாறுமாறாகவும் ஆனது. கிருமியின் நச்சால் உடம்பில் நைட்ரிக் ஆக்சைடு கூடிவிட்டது என்றார் டாக்டர். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் நைட்ரிக் ஆக்சைடு இதயத்துக்கு நல்லது என்று பொடியே விற்கிறார்களே? கெட்டது என்றால் அதைத் தடுக்க மருந்து கொடுத்திருக்கலாமே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அப்பா தேறி வந்ததில் மிகுந்த மகிழ்ச்சி.

சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் ஈ.கோலை போன்ற கிருமிகள்தான் காரணம். அவற்றின் வெளிச்சுவரில் உள்ள எண்டோடாக்சின் என்ற நச்சு ரத்தத்தில் கலந்ததும் நம் எதிர்ப்புச் செல்கள் கொந்தளிக்கின்றன. சாதாரண நாளில் ரத்தக்குழாயின் உட்சுவர் தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக நைட்ரிக் ஆக்சைடு சுரக்கும். குழாய் தளர்ந்து ரத்தம் இலகுவாக ஓடும். இதைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் கிடைத்தது. தொற்று முற்றும்போது வேறொரு நொதி சில மணி நேரத்தில் உருவாகி, அதே வாயுவை ஓயாமல் கொட்டுகிறது. குழாய்கள் ஒரேயடியாகத் தளர்ந்து பிரஷர் விழுகிறது. ஈடுகட்ட அட்ரினலின் பாய்ந்து இதயத்தை விரட்டுகிறது. அந்த 140க்கு இது ஒரு முக்கியக் காரணம், காய்ச்சலும் சேர்ந்திருக்கும்.

வேகத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. நல்ல இதயம் மூச்சை இழுக்கும்போது சற்று விரைந்தும் விடும்போது சற்று தணிந்தும் துடிக்கும். தொற்று முற்றி உடம்பே நிலைகுலையும் செப்சிஸில் இந்த நெளிவுசுளிவு போய்விடுகிறது. மனித இதய மேலறைச் செல்களை ஆய்வகத்தில் எண்டோடாக்சினில் வைத்துப் பார்த்தபோது, துடிப்பைத் தூண்டும் மின்னோட்டமே குறைந்தது. ஆக, நச்சு நேரடியாகவும் கைவைக்கிறது. குறைமாதக் குழந்தைகளிடம் இந்த மாற்றம் மற்ற அறிகுறிகளுக்கு முன்பே தெரிந்துவிடுவதுண்டு. வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் அதைக் கண்காணிக்க ஒரு கருவி உருவாக்கினார்கள். சுமார் 3000 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், கருவி காட்டியதைப் பார்த்துச் சிகிச்சை அளித்த பிரிவில் இறப்பு 8.1 சதவீதம், மற்றதில் 10.2.

சரி, தடுப்பு மருந்து. கொடுத்துப் பார்த்தார்கள். செப்சிஸ் முற்றிப் பிரஷர் விழுந்த நிலையில், அதாவது செப்டிக் ஷாக்கில், இருந்த 797 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2004இல் வெளிவந்தது. நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியை ஒட்டுமொத்தமாக அடைத்த மருந்து அது. பிரஷர் ஏறத்தான் செய்தது. ஆனால் மருந்து பெற்றவர்களில் 59 சதவீதம் பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 49. சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். கெட்டதை அடைக்கப் போய், இதயத்துக்கும் உறுப்புகளுக்கும் வேண்டிய அந்தக் கொஞ்சத்தையும் சேர்த்து அடைத்திருக்கிறார்கள் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

அப்பாவுக்கு அந்தப் பொடி வேண்டாம். பிரஷர் மாத்திரையோ நெஞ்சுவலிக்கான நைட்ரேட்டோ எடுப்பவரானால், பிரஷர் இன்னும் இறங்கிவிடலாம். மறுபடி குளிர்காய்ச்சலோடு நாடி ஓடினாலோ, பேச்சு குழறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.