ஸ்லோவா போனா மட்டும் சத்தம் போடுற வீல் கப்பு

கேள்வி: வணக்கம் சார். எங்க பெரியப்பாகிட்ட 1980கள்ல வந்த காடிலாக் ஒண்ணு இருக்கு, லெஃப்ட் ஹேண்ட் டிரைவ், கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவாரு. அதுல கம்பி கம்பியா ஸ்போக்ஸ் வச்ச வீல் கப்பு. எம்.சி. ரோட்ல கூட்டத்துல ஊர்ந்து போறப்போ கிரீச் கிரீச்சுனு ஒரு சத்தம், நடுநடுவுல கடகடன்னு இன்னொரு சத்தம், பொண்ணு மாப்பிள்ளையே எட்டிப் பாக்குறாங்க. பெரியப்பா ஒயர் டை போட்டுக் கட்டிடலாம்ங்கறாரு. கட்டலாமா?
- வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: ஒயர் டைய எடுத்து உள்ள வைக்கச் சொல்லுங்க தம்பி. அது வெயில்ல காஞ்சு ஒருநாள் பட்டுனு அறுந்துடும், அதுக்குள்ள குரோம் பூச்சையும் தேச்சு வச்சிடும், சத்தம் மட்டும் அப்படியே இருக்கும்.

அந்த கம்பிங்க வண்டிய தாங்குற ஸ்போக்ஸ் இல்ல, வெறும் அலங்காரம். உள்ள சாதா இரும்பு வீல், அது மேல ஒரு தகட்டு வளையம், வளையத்துக்கும் நடு மூடிக்கும் நடுவுல கம்பிங்கள கோத்து மடிச்சு வச்சிருப்பான். அமெரிக்கால அந்தக் காலத்து காடிலாக், லிங்கன், பியூக் இதுலயெல்லாம் இந்த ஃபேஷன் ஓடுச்சு. இத்தனை வருஷம் கழிச்சு மடிச்ச இடமெல்லாம் லூஸ் ஆகாம என்ன பண்ணும்?

நீங்க ரெண்டு சத்தம்னு பிரிச்சு எழுதினது ரொம்ப நல்லதாப் போச்சு, ஏன்னா அது ரெண்டும் வேற வேற கேஸ். கிரீச்சுனு வர்றது கப்போட பல்லு, அதாவது கப்ப வீல்ல கடிச்சுப் புடிச்சிருக்குற தகட்டு நுனிங்க, வீல் விளிம்புல உரசுற சத்தம். வண்டி வெயிட்டு கீழ் பக்கம் அழுத்தும்போது வீல் துளி வளையும், கப்பு அதே மாதிரி வளையாது, அதனால ஒவ்வொரு சுத்துக்கும் இரும்பும் இரும்பும் தேயும். கடகடங்கறது ஏதோ லூசா ஆடுது, ஒண்ணு கம்பி, இல்லன்னா உள்ள மாட்டிக்கிட்ட ஜல்லிக்கல்லு. கல்லானு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. 15 இன்ச் வீல்னா சுமாரா 10 கிலோமீட்டர் ஸ்பீடு தாண்டினதும் உள்ள உருள்ற பொருள் எதுவா இருந்தாலும் விளிம்போட ஒட்டிக்கிட்டு சுத்த ஆரம்பிச்சிடும், தண்ணி நிறைஞ்ச வாளிய வேகமா சுத்துனா கொட்டாம நிக்குதே அந்தக் கணக்குதான். அதனால ஊர்ந்து போறப்போ கடகட, கொஞ்சம் மிதிச்சதும் கப்சிப்னா கப்பக் கழட்டி உதறுங்க, பாதி நேரம் அதோட கதை முடிஞ்சிடும்.

ஆனா இதுக்கெல்லாம் முன்னாடி வீல் நட்ட ஸ்பேனர் வச்சு செக் பண்ணுங்க. லூஸ் நட்டும் இதே மாதிரிதான் சத்தம் போடும், அதை கப்பு சத்தம்னு நினைச்சு விட்டா வீலே கழண்டு முன்னாடி ஓடும். நட்டு டைட்டா இருக்குனு தெரிஞ்சதும் கண்ணாடிய இறக்கிட்டு நீளமா காம்பவுண்ட் சுவர் இருக்குற ரோட்டா பாத்து மெதுவா ஓட்டுங்க, சுவர்ல பட்டு சத்தம் திரும்பி வரும், எந்த வீலுன்னு நல்லா கேக்கும். போறப்போ ஒரு பக்கம், திரும்பி வர்றப்போ மறுபக்கம். லெஃப்ட் ஹேண்ட் வண்டில லெஃப்ட் சைடு சத்தம்தான் டிரைவர் காதுல விழும், அத நம்பி அந்தப் பக்கமே நோண்டிக்கிட்டு இருக்காதீங்க. சந்தேகம் இருந்தா ஒவ்வொரு கப்பா கழட்டி வச்சுட்டு ஓட்டிப் பாருங்க.

கழட்டும்போது ஒரே இடத்துல ஸ்க்ரூ டிரைவர விட்டு நெம்பாதீங்க, வளையம் கோணிக்கும். காத்தடிக்கிற வால்வுக்கு எதிர்ப்பக்கம் ஆரம்பிச்சு சுத்தி சுத்தி கொஞ்சம் கொஞ்சமா தூக்குங்க. நல்லா கழுவி வெயில்ல காய வச்சு, கோணி மேல கவுத்துப் போட்டு, ஒவ்வொரு கம்பியா கட்டை விரலால அழுத்திப் பாருங்க. ஆடுற கம்பிக்கு மார்க்கர்ல ஒரு புள்ளி. அந்த கம்பி மடிஞ்சிருக்குற இடத்துக்குக் கீழ மரக்கட்டை முட்டுக் கொடுத்து, பின்னாடி பக்கத்துலேர்ந்து சின்ன பஞ்ச் வச்சு லேசா தட்டினா இறுகிடும். லேசான்னா லேசாதான், பட்டறையில பையன்கிட்ட கொடுத்தா சம்மட்டி அடி அடிச்சு கப்ப தோசைக்கல்லு ஆக்கிடுவான், நீங்களே உக்காந்து பண்ணுங்க. அப்புறம் அந்த ஜாயிண்ட்ல எல்லாம் பின்பக்கமா துளித்துளி சிலிக்கான் சீலன்ட் வச்சு ஒரு நாள் முழுக்க ஆறவிடுங்க. சீலன்ட் வாங்குறப்போ நியூட்ரல் கியூர்னு போட்டிருக்கானு பாத்து வாங்கணும். வினிகர் மாதிரி புளிச்ச வாடை அடிக்கிறது காயும்போது ஆசிட் விடும், அது இரும்ப துருப்புடிக்க வச்சிடும், ஏற்கெனவே நம்ம ஏரியா உப்புக்காத்து அந்த வேலைய நல்லாத்தான் பாக்குது. தண்ணி வடியற ஓட்டைங்கள அடைச்சிடாதீங்க.

கிரீச் சத்தத்துக்கு வீல் விளிம்புல பல்லு கடிக்கிற இடத்த ஒயர் பிரஷ் போட்டு துரு, பழைய பெயிண்ட் எல்லாம் எடுத்துடுங்க. பல்லு எல்லாத்தையும் பிளையர்ல ஒரே அளவா துளி வெளிய வளைங்க, அது ஸ்பிரிங் தகடு, ஆசைப்பட்டு நிறைய வளைச்சா ஒடிஞ்சு கையில வந்துடும். கப்போட உதடு வீல்ல உக்கார்ற இடத்துல மெல்லிசா சிலிக்கான் கோடு போட்டு, நல்லா காஞ்சதுக்கு அப்புறம்தான் மாட்டணும், ஈரத்தோட மாட்டினா ஒட்டிக்கும், பஞ்சர் ஆனா அழுவீங்க. கிரீஸ் தடவலாமேன்னு யாராவது சொல்லுவாங்க, வேணாம். கிரீஸ் இருந்தா கப்பு வழுக்கி வழுக்கி மெல்ல சுத்தும், சுத்தினா வால்வ வெட்டிடும். திரும்ப மாட்டுறப்போ வால்வு ஓட்டைய முதல்ல நேர் பண்ணிட்டு ரப்பர் சுத்தியால விளிம்புல சுத்தி வரத் தட்டுங்க, கம்பி மேல தட்டாதீங்க.

கேள்வி: என் கான்டெஸாவுக்கு மார்க்கெட்ல கிடைச்ச ஸ்போக்ஸ் மாடல் கப்பு வாங்கிப் போட்டேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல கன்டெய்னர் லாரி பக்கத்துல போறப்போ பள்ளத்துல இறங்கி ஒண்ணு பறந்துடுச்சு. மீதி மூணும் லொட லொட. எம்-சீல் வச்சு ஒட்டிடலாமா அண்ணே?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: பறந்தது பைக்காரர் யார் மேலயும் படாம போச்சே, அதுவரைக்கும் சந்தோஷம். எம்-சீல் கல்லு மாதிரி இறுகிடும், வீல் வளையறப்போ அது வளையாது, விரிசல் விட்டு இன்னும் மோசமா ஆடும். உங்க பிரச்சினை சைஸுனு நினைக்கிறேன். கடையில 'எல்லா வண்டிக்கும் செட் ஆகும் சார்'னு விக்கிற கப்பு எந்த வண்டிக்கும் முழுசா செட் ஆகாது. கப்புல பல்லுக்குப் பல்லு குறுக்களவும் வீல்ல பல்லு உக்கார்ற பள்ளத்தோட குறுக்களவும் டேப் வச்சு அளந்து பாருங்க. அதோட பேலன்சிங் பண்ணப்போ விளிம்புல அடிச்ச வெயிட்டு கப்ப முழுசா உக்கார விடாம தூக்கிக்கிட்டு நிக்கலாம், அப்படி இருந்தா உள்பக்கம் ஒட்டுற வெயிட்டா மாத்தச் சொல்லுங்க. அளவு ஒத்து வரலன்னா அந்த மூணையும் கழட்டி வச்சிடுங்க, புதுப்பேட்டையில தேடினா கம்பெனி கப்பு கிடைக்க சான்ஸ் இருக்கு, என்னக் கேட்டா கான்டெஸாவுக்கு அதுதான் அழகும் கூட.

கேள்வி: பழைய அமெரிக்கன் வண்டி. ஸ்போக்ஸ் கப்பு நடுவுல பூட்டு போல்ட் இருக்கு, சாவி இல்ல. கப்பு ஆடுது, கழட்டவும் முடியல.
- வாசகர், பெரம்பூர்

பதில்: அந்தக் காலத்துல இந்த கப்புக்கு திருட்டு பயம் ஜாஸ்தி, அதனால நடு மூடிக்குக் கீழ தினுசான தலை வச்ச போல்ட் கொடுத்தான், அதுக்குனு தனி சாவி. முதல்ல டிக்கில ஸ்டெப்னி பக்கம், டாஷ்போர்டு டிராயர், ஜாக்கி பை எல்லாம் கொட்டிக் கவுத்துத் தேடுங்க, முக்காவாசி அங்கதான் கிடக்கும். இல்லவே இல்லன்னா போல்ட் தலைய விட துளி சின்ன சைஸ் பழைய சாக்கெட் ஒண்ண தட்டி ஏத்தி மெதுவா திருப்பணும், முந்தின நாளே துரு இளகுற ஆயில் விட்டு ஊற வச்சிடுங்க. கழண்டதும் அந்த போல்ட்டையே லேத்துக்காரர்கிட்ட கொண்டுபோய்க் காட்டி அதே மரையில சாதா அறுகோண போல்ட்டா மாத்திக்குங்க. கப்பு ஆடறதுக்கும் அநேகமா இந்த போல்ட்தான் காரணமா இருக்கும், இல்லன்னா பின்னாடி புடிச்சிருக்குற பிராக்கெட் விரிசல் விட்டிருக்கும். ஆடுதேன்னு ஓவரா முறுக்காதீங்க, சில மாடல்ல அங்க பிளாஸ்டிக்.

கேள்வி: சார், அப்பாவோட வண்டி ஸ்போக்ஸ் கப்பெல்லாம் புள்ளிபுள்ளியா துரு. வீடு காசிமேடு பக்கம். ரீ-பிளேட்டிங் கொடுத்துடலாமா?
- வாசகி, ராயபுரம்

பதில்: கொடுக்கலாம்மா, ஆனா கம்பிங்கள தனித்தனியா பிரிச்சு பண்ணித் தருவாங்களானு கேட்டுட்டு கொடுங்க. முழுசா தொட்டியில முக்கினா மடிப்புக்குள்ள ஆசிட் தங்கிடும், ஆறே மாசத்துல உள்ளேர்ந்து துரு வழியும். மேலாப்புல இருக்குற புள்ளிதான்னா சமையலறை அலுமினியம் ஃபாயில கசக்கி தண்ணியில தொட்டுத் தேய்ங்க, குரோம்ல கீறல் விழாம துரு எடுத்துடும். அப்புறம் மெழுகு பாலிஷ். பீச் ரோடு பக்கம் போய்ட்டு வந்தா நல்ல தண்ணி விட்டுக் கழுவிடுங்க, போர் தண்ணி உப்பா இருந்தா அதுல கழுவுறதுக்கு கழுவாமலே விட்டுடலாம்.

கேள்வி: என்கிட்ட இருக்குறது கப்பு இல்ல, நிஜ ஸ்போக்ஸ் வீல், பழைய எம்.ஜி. டிக் டிக்னு சத்தம். மேல சொன்ன சிலிக்கான் வேலை இதுக்கும் ஆகுமா?
- வாசகர், மாதவரம்

பதில்: ஆகவே ஆகாது சார். இங்க வண்டிய தாங்குறதே அந்த கம்பிங்கதான். வீல தூக்கி வச்சு ஒவ்வொரு கம்பியா சின்ன ஸ்பேனரால தட்டிக்கிட்டே வாங்க, டைட்டா இருந்தா டிங்குனு பாடும், லூஸ்னா டொக்குனு செத்த சத்தம் வரும். ஒண்ணு ரெண்டு லூஸ்னா ஸ்போக்ஸ் வேலை தெரிஞ்சவர்கிட்ட மொத்த வீலையும் கோட்டம் எடுக்கச் சொல்லுங்க, லூசானத மட்டும் முறுக்கினா வீல் கோணும். பிரேக் போட்டப்பவும் ரிவர்ஸ் எடுத்தப்பவும் டொக்குனு ஒரு அடி விழுந்தா அது கம்பி இல்ல, ஹப்புல வீல் கோத்துக்குற வரி வரியான பல்லு, ஸ்ப்ளைன்னு சொல்லுவாங்க, அது தேஞ்சிருக்கு, அதை மாத்தித்தான் ஆகணும். வீல புடிச்சிருக்குற நடு நட்ட கழட்டுறப்போ ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க, வலது பக்க வீலுக்கு ரிவர்ஸ் மரை. வண்டி முன்னாடி ஓடுறப்போ வீல் எந்தப் பக்கம் சுத்துமோ அந்தப் பக்கம் தட்டினா கழளும், ரெண்டு சைடுக்கும் இதே கணக்கு. இரும்பு சுத்தி வேணாம், செம்பு சுத்தி வச்சு தட்டுங்க.